கிரவுன் ஆயிலை மாற்றலாமா, வாரண்டி என்னாகும்?

கேள்வி: ஐயா, வணக்கம். கோத்தகிரியை அடுத்த கட்டபெட்டுப் பகுதியில் சொந்தமாக ஒரு லாரி வைத்து நானே ஓட்டிப் பிழைக்கிறேன். வண்டி வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. வாரண்டி இன்னும் முடியவில்லை. கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போவேன். திரும்பும்போது உர மூட்டையோ சிமென்டோ ஏறும். சில வாரங்களாகக் குஞ்சப்பனை இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுக் கியரில் இறங்கும்போது பின்பக்கம் மெல்லிய ஊளைச் சத்தம் கேட்கிறது. பின் ஆக்சிலில் ஊற்றும் கியர் ஆயிலான கிரவுன் ஆயிலின் எண்ணைச் சொல்லி, "மலைக்கு 90 போதாது, 140 ஊற்றினால் சத்தம் அடங்கிவிடும்" என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். என் அக்கா மகன் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு 75டபிள்யூ-140 சிந்தெட்டிக்தான் சிறந்தது என்றும், வெளியில் ஆயில் மாற்றினால் வாரண்டியை ரத்து செய்யச் சட்டம் இடம் தராது என்றும் சொல்கிறான். கையேட்டில் பின் ஆக்சிலுக்கு 80டபிள்யூ-90, ஜிஎல்-5 என்று போட்டிருக்கிறது. கியர்பாக்ஸுக்கு வாங்கிய 80டபிள்யூ-90 ஜிஎல்-4 அரை டின் வீட்டில் மீதம் இருக்கிறது, அதையே ஊற்றலாமா? கம்பெனி சர்வீஸ் சென்டர் கோவையில் இருப்பதால் போய்வந்தால் ஒரு நாள் வாடகை போய்விடும். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் எண்ணெயைப் பற்றிய கேள்விகளே நிறைய இருந்தாலும், நான் முதலில் எடுத்துக்கொள்ள விரும்புவது அந்த ஊளைச் சத்தத்தைத்தான். வாரண்டியில் இருக்கும் வண்டியின் பின் ஆக்சிலில் புதிதாக ஒரு சத்தம் வருகிறது என்றால், அது எண்ணெயை மாற்றி அடக்க வேண்டிய சத்தம் அல்ல. எழுத்தில் பதிவு செய்து, வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் பொறுப்பில் விட வேண்டிய புகார். 140 ஊற்றினால் சத்தம் குறையும் என்று உங்கள் மெக்கானிக் சொல்வது பொய்யல்ல. கெட்டியான எண்ணெய் பற்களுக்கு நடுவே தடித்த படலமாக நின்று ஒலியை ஓரளவு அமுக்கத்தான் செய்யும். ஆனால் சத்தத்துக்குக் காரணமான தளர்ந்த பேரிங்கோ, சரியாகப் பொருந்தாத பல்லோ உள்ளே அப்படியே இருக்கும். வாரண்டிக் காலம் முடிந்து சில மாதங்களில் அந்தச் சத்தம் மறுபடி தலைகாட்டும்போது கிரவுன் பினியன் செட் (சிறிய பினியனும் அது சுழற்றும் பெரிய கிரவுன் வீலும் சேர்ந்த பற்சக்கர ஜோடி) முழுவதையும் உங்கள் கைக்காசில் மாற்ற வேண்டி வரும். இப்போது கேட்கும் சத்தம் உங்களுக்குச் சாதகமான சாட்சி. அதை நீங்களே அமுக்கிவிடாதீர்கள்.

சத்தம் ஏன் இறக்கத்தில் மட்டும் வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்ற கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும். கிரவுன் வீலின் ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு முகங்கள் உண்டு. இன்ஜின் வண்டியை இழுக்கும்போது ஒரு முகம் சுமையைத் தாங்கும். சக்கரம் இன்ஜினைத் தள்ளும்போது, அதாவது நீங்கள் ஆக்சிலரேட்டரை விட்டு இரண்டாவது, மூன்றாவது கியரில் இறங்கும்போது, மறுமுகம் தாங்கும். சமவெளியில் ஓடும் லாரிக்கு அந்த மறுமுகத்தில் பெரிய வேலை இல்லை. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்திலும் மேட்டுப்பாளையம் சுமார் 300 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. முப்பது கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் சாலையில் அவ்வளவு உயரத்தையும் நீங்கள் முழு லோடுடன் இன்ஜின் பிரேக்கில்தான் இறங்குகிறீர்கள். ஆகவே மற்றவர்களின் வண்டியில் ஓய்வாக இருக்கும் பல்முகம் உங்கள் வண்டியில் தினமும் சுமை தாங்குகிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஏற்றத்தில் இன்ஜின் இழுக்கும்போது பினியன் கிரவுன் வீலை விட்டு விலகும் திசையில் தள்ளப்படும். இறக்கத்தில் அது உள்நோக்கி இழுக்கப்படும். அந்த இழுப்பைத் தாங்குவது பினியனின் முன்பக்கத்தில் உள்ள சிறிய பேரிங். ஆக்சிலின் கூடான ஹவுசிங்குக்குள் எண்ணெய் கடைசியாகப் போய்ச் சேரும் இடமும் அதுவே. ஏற்றத்தில் வண்டியின் மூக்கு தூக்கி நிற்பதால் எண்ணெய் பின்பக்கம் ஒதுங்கிவிடும். கிரவுன் வீல் சுழன்று வாரி இறைக்கும் எண்ணெய்தான் முன் பேரிங்கை நனைக்க வேண்டும். எண்ணெய் அளவு சற்றுக் குறைந்திருந்தாலும் உர மூட்டைகளோடு ஏறும்போது அந்தப் பேரிங் காயும்; மறுநாள் கேரட்டோடு இறங்கும்போது அதே பேரிங்தான் முழுச் சுமையையும் தாங்கும். அதன் இறுக்கம் கொஞ்சம் விட்டுப்போனாலே ஆக்சிலரேட்டரை விட்ட நேரத்தில் ஊளைச் சத்தம் எழும். உங்கள் வண்டியில் இதுதான் நடந்திருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணெயின் எண்ணை மாற்றுவதற்கு முன் எண்ணெயின் அளவைப் பார்க்கச் சொல்வதற்கு இது போதுமான காரணம்.

சத்தம் ஆக்சிலிலிருந்துதான் வருகிறதா என்பதை நீங்களே ஓரளவு கண்டறியலாம். ஓரளவு நேரான, போக்குவரத்து இல்லாத இடத்தில் ஒரே வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியும் விட்டும் பாருங்கள். அழுத்தத்துக்கு ஏற்பச் சத்தம் மாறினால் கிரவுன் பினியனையும் அதன் பேரிங்குகளையும் சந்தேகிக்க வேண்டும். எதற்கும் மாறாமல் வேகத்தோடு மட்டும் கூடிக் குறைந்தால் ஹப் பேரிங்கோ டயரோ காரணமாக இருக்கலாம். சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர்தான். வளைவில் திரும்பும்போது மட்டும் சத்தம் கேட்டால் அது வேறு கதை. இறக்கத்தில் நியூட்ரல் போட்டுச் சோதிக்கும் வேலையை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்ய வேண்டாம்.

சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கோவையின் சமதளச் சாலையில், காலி வண்டியில், அவர்களின் ஆள் ஓட்டிப் பார்த்தால் இந்தச் சத்தம் கேட்கவே கேட்காது. "கோளாறு எதுவும் இல்லை" என்று ஜாப் கார்டில் எழுதி அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு வரி பின்னால் உங்களுக்கு எதிராகவே நிற்கும். ஆகவே புகாரைப் பதியும்போதே "முழு லோடுடன், இறக்கத்தில், இந்தக் கியரில், இந்த வேகத்தில், ஆக்சிலரேட்டரை விட்ட நிலையில் பின் ஆக்சிலில் ஊளைச் சத்தம்" என்று உங்கள் வாய்மொழியிலேயே எழுதச் சொல்லுங்கள். ஓடோமீட்டர் அளவும் தேதியும் அதில் இருக்க வேண்டும். கிளீனரோ வேறு எவரோ உடன் வரும்போது சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து, அதே நாளில் சர்வீஸ் சென்டருக்கு மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பி வையுங்கள். மேட்டுப்பாளையத்தில் லோடு இறக்குவதற்கு முன் டெக்னீஷியன் ஒருவரை வரவழைத்து மலைச்சாலையில் சிறிது தூரம் உடன் வரச் செய்ய முடிந்தால் இன்னும் நல்லது. கேட்டுப் பாருங்கள், எழுத்தில் கேட்டால் பல நேரம் சம்மதிப்பார்கள்.

இனி எண்ணெய்க்கு வருகிறேன்.

மீதமிருக்கும் ஜிஎல்-4 டின்னைப் பின் ஆக்சிலுக்கு அருகில்கூடக் கொண்டு போகாதீர்கள். 80டபிள்யூ-90 என்பது எண்ணெயின் கெட்டித்தன்மையை மட்டும் சொல்கிறது. ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை அந்த எண்ணெய் எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கும் என்பதைச் சொல்கின்றன. உங்கள் லாரியைப் போன்ற வண்டிகளின் பின் ஆக்சிலில் உள்ளது ஹைப்பாய்டு வகைப் பல்லமைப்பு. அதில் பினியன், கிரவுன் வீலின் மையக் கோட்டுக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். அதனால் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்காமல் நீளவாக்கில் வழுக்கியும் செல்லும். அந்த வழுக்கலும் அழுத்தமும் சேர்ந்தால் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அந்த இடத்தில் பல்லைக் காப்பாற்றுவது எண்ணெயில் கலந்துள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள். சூட்டில் அவை உலோகத்தோடு வினைபுரிந்து பல்லின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. ஜிஎல்-5 எண்ணெயில் இந்தச் சேர்மங்கள் ஜிஎல்-4-இல் இருப்பதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். எண் ஒன்றாக இருக்கிறதே என்று ஜிஎல்-4-ஐ ஊற்றி ஓட்டிய ஆக்சில் ஒன்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன்: பல்லின் இழுவை முகம் ஓரளவு பளபளப்பாகவே இருக்க, இறக்கத்தில் சுமை தாங்கும் முகம் மட்டும் நகத்தால் தடவினால் சிக்கும் அளவுக்கு நீளக் கோடுகளாகக் கீறிக் கிடந்தது. அதுவும் மலையில் ஓடிய வண்டிதான்.

இதற்கு மறுதலையும் உண்மை. ஜிஎல்-5 உயர்ந்தது என்று கியர்பாக்ஸில் ஊற்றக் கூடாது. கியர் மாற்றும்போது வேகங்களைச் சமப்படுத்தும் சிங்க்ரோனைசர் வளையங்கள் பல வண்டிகளில் பித்தளையால் ஆனவை. கந்தகச் சேர்மம் வீரியமாக உள்ள எண்ணெய் சூட்டில் அந்தப் பித்தளையை அரிக்கக்கூடும். கையேடு எதற்கு எதைச் சொல்கிறதோ அதற்கு அதுவே. உங்கள் அரை டின்னை, மூடி இறுக்கமாக இருந்தால், கியர்பாக்ஸுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

"மலைக்கு 90 போதாது" என்ற பேச்சு நீலகிரியில் எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கேட்கிறது. அதில் ஒரு நியாயம் உண்டு. ஏற்றத்தில் மெதுவாக, கனத்த சுமையோடு போகும்போது ஆக்சில் சூடேறும், காற்றோட்டமும் குறைவு, சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகும். ஆனால் 140 என்பது 90-க்கு அடுத்த படி அல்ல. நூறு டிகிரி செல்சியஸ் சூட்டில் 90 எண்ணெயின் பாகுநிலை, அதாவது கெட்டித்தன்மை, 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் வரை, 140-க்கு அதே அளவீட்டில் 24 முதல் 32.5 வரை. நடுவில் 110 என்று ஒரு வகுப்பே தனியாக இருக்கிறது. எனவே 90-இலிருந்து 140-க்குத் தாவினால் ஒரு படியைத் தாண்டிக் குதிக்கிறீர்கள். கெட்டி எண்ணெயைக் கடைந்துகொண்டு சுழல்வதற்கே சக்தி செலவாகும், டீசல் கூடும், அந்தக் கடைசலே சூட்டையும் உண்டாக்கும். விடியற்காலைக் குளிரில் அது முன் பேரிங்குக்குப் போய்ச் சேரவும் தாமதமாகும். 85டபிள்யூ-140 மோசமான எண்ணெய் என்று நான் சொல்லவில்லை; கனத்த ஆக்சில்கள் சிலவற்றுக்கு உற்பத்தியாளர்களே அதைச் சொல்கிறார்கள். உங்கள் கையேட்டில் சுமைக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப மாற்று எண்ணெய் தரும் அட்டவணை ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதில் 85டபிள்யூ-140 இருந்தால் தாராளமாக ஊற்றலாம். இல்லையென்றால் வாரண்டி முடியும் வரை வேண்டாம்.

இன்ஜின் ஆயில் எண்ணோடு இதை ஒப்பிட்டுக் குழம்புபவர்களுக்காக ஒரு சொல்: இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். கியர் ஆயிலில் 90 என்பது இன்ஜின் ஆயிலில் ஏறக்குறைய 40, 50-க்குச் சமமான கெட்டிதான்.

உங்கள் அக்கா மகன் சொல்லும் 75டபிள்யூ-140 சிந்தெட்டிக் நல்ல எண்ணெய்தான். ஆனால் அந்த 75டபிள்யூ என்ற பகுதி மைனஸ் 40 டிகிரிக் குளிரிலும் எண்ணெய் ஓட வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்டது. 80டபிள்யூ மைனஸ் 26 டிகிரி வரைக்கும், 85டபிள்யூ மைனஸ் 12 டிகிரி வரைக்கும் சோதிக்கப்படுகின்றன. தலைக்குந்தாவிலும் அவலாஞ்சியிலும் புல்வெளி வெளுக்கும் உறைபனி விடியலில்கூட வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டியே நிற்கிறது. கோத்தகிரி அதைவிடவும் மிதமானது. அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் பனியில் நிற்கும் பிக்கப் வண்டிக்குத் தேவையானதை விலை கொடுத்து வாங்க உங்களுக்கு அவசியம் இல்லை. சிந்தெட்டிக்கின் உண்மையான பயன் சூட்டில் சீக்கிரம் கெடாமல் நீண்ட நாள் உழைப்பது. நிறுவனம் அதை உங்கள் ஆக்சிலுக்கு அங்கீகரித்திருந்தால் ஏற்றுக்கொள்ளலாம்.

"அங்கீகரித்திருந்தால்" என்பதைக் கவனமாகவே எழுதுகிறேன். இன்ஜின் ஆயில் டப்பாவில் இருக்கும் ஏபிஐ (அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம்) வட்ட முத்திரைக்குப் பின்னால் ஓர் உரிம முறை இருக்கிறது. கியர் ஆயிலுக்கு அப்படி இல்லை. டப்பாவில் "ஏபிஐ ஜிஎல்-5" என்று இருந்தால் அது எண்ணெய்க் கம்பெனி தானே சொல்லிக்கொள்வது. நல்ல கம்பெனிகள் உண்மையாகவே சொல்கின்றன என்றாலும், வாரண்டிக்கு அது போதாது. டப்பாவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். "மீட்ஸ்" என்றோ "சூட்டபிள் ஃபார்" என்றோ இருந்தால் அந்தத் தேவைக்குப் பொருந்தும் என்று எண்ணெய்க் கம்பெனி கருதுகிறது என்றே பொருள். "அப்ரூவ்டு" என்று எழுதி, உங்கள் லாரி நிறுவனத்தின் பெயரையோ அதன் தர எண்ணையோ போட்டிருந்தால்தான் லாரி நிறுவனம் சோதித்து ஒப்புக்கொண்டது என்று ஆகும். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் உள்ள எண்ணெய்ப் பட்டியலும் டப்பாவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். பீப்பாயிலிருந்து அளந்து தரும் லூஸ் ஆயில் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். "ஆயிலோடு கலந்தால் சத்தம் போய்விடும்" என்று விற்கும் சின்னச் சின்ன பாட்டில்களும் வேண்டாம். ஜிஎல்-5 எண்ணெயில் சேர்மங்கள் அளந்து கலக்கப்பட்டவை. மேலும் கலந்தால் அந்த அளவு கெடும், கிளைமை நிராகரிக்க ஒரு காரணமும் கிடைத்துவிடும்.

இப்போது சட்டம். அமெரிக்காவில் 1975-இல் வந்த மாக்னுசன் மாஸ் வாரண்டிச் சட்டம், குறிப்பிட்ட கம்பெனியின் பொருளையோ சேவையையோ வாங்கினால்தான் வாரண்டி என்று நிபந்தனை போடுவதைப் பொதுவாகத் தடுக்கிறது. அக்கா மகன் பார்த்த வீடியோக்களில் அந்த நாட்டுக்காரர்கள் பேசுவது அதைத்தான். அந்தச் சட்டம் கோத்தகிரியில் செல்லாது. நம் நாட்டில் இதற்கு நெருக்கமானது, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25-இல் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகப் பிறப்பித்த ஆணை. வெளி ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தாலே வாரண்டி போய்விடும் என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும், வெளியில் செய்த தவறான வேலையால் சேதம் ஏற்பட்டிருந்தால் அந்தச் சேதத்தின் அளவுக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம் என்றும் அந்த ஆணை கூறியது. 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்தது. அதன் நியாயம் உங்களுக்கும் பொருந்தும். ஆனால் அது கார் நிறுவனங்களைப் பற்றிய ஆணை, அதை எதிர்த்து மேல்முறையீடுகளும் நடந்திருக்கின்றன. ஒரே வண்டியை வைத்துப் பிழைப்பவர் அந்த ஆணையை மட்டும் நம்பி வாரண்டிக் கையேட்டின் நிபந்தனையை மீறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாதத்தில் நீங்கள் வெல்லக்கூடும். வென்று முடிக்கும் வரை வண்டி நிற்கும், தவணை நிற்காது.

ஆகவே கையேட்டை எடுத்து, குறித்த கிலோமீட்டர் சர்வீஸ்களை அங்கீகரிக்கப்பட்ட இடத்தில்தான் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். எழுதியிருந்தால், வாடகை போனாலும், வாரண்டி முடியும் வரை கிரவுன் ஆயில் மாற்றத்தை அங்கேயே செய்துகொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்திலோ அருகிலோ அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் பாயின்ட் அல்லது நடமாடும் சர்வீஸ் வண்டி உண்டா என்று கஸ்டமர் கேர் எண்ணில் கேளுங்கள். மண்டியில் லோடு இறங்கக் காத்திருக்கும் நேரத்திலேயே வேலை முடிந்துவிட்டால் வாடகையும் போகாது.

கையேடு அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை என்றாலோ, சீல் ஒழுகி அவசரமாக எண்ணெய் ஊற்ற வேண்டியிருந்தாலோ, உள்ளூரில் செய்யலாம். அதற்கு முன் சர்வீஸ் சென்டருக்கு ஒரு செய்தி அனுப்பிப் பதிலைச் சேமித்து வையுங்கள். சீல் வைத்த டப்பாவை ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். டப்பாவின் முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் எண் மூன்றையும் படம் எடுங்கள். ஒர்க்‌ஷாப் பில்லில் வண்டி எண், கிலோமீட்டர், எண்ணெயின் முழுப் பெயர், தரம், லிட்டர் அளவு எல்லாம் இருக்க வேண்டும். "கிரவுன் ஆயில் மாற்றியது" என்று ஒற்றை வரியில் எழுதித் தரும் துண்டுச் சீட்டு எதற்கும் உதவாது.

வேலையையும் பக்கத்தில் நின்று பாருங்கள். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். கோத்தகிரியில் அப்படிப்பட்ட இடம் கிடைப்பதே அரிது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் தேடிப் பிடியுங்கள். சரிவில் நிற்கும் வண்டியில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கி, குறைவானதை நிறைவாகக் காட்டிவிடும். இறக்கம் இறங்கி வந்த உடனேயே போல்ட்டைத் திறக்க வேண்டாம், கை வெந்துவிடும். வெதுவெதுப்பாக இருக்கும்போது வடித்தால் அடியில் தங்கியதும் சேர்ந்து வரும். வடிக்கும் போல்ட்டைத் தொடும் முன் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெயை எல்லாம் வடித்துவிட்ட பிறகு மேல் போல்ட் துருப்பிடித்து வரவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும்.

வடிக்கும் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். மைபோலக் கருஞ்சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருந்தால் இயல்பான தேய்மானம். விரலில் உறுத்தும் துகளோ, வெளிச்சத்தில் மின்னும் தகடுபோன்ற சில்லோ இருந்தால் அதைத் துடைக்காமல் படம் எடுத்து, அந்தச் சில்லையும் ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டு, வண்டியை ஓட்டாமல் கம்பெனிக்குத் தகவல் சொல்லுங்கள். எண்ணெய் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. புது எண்ணெயை ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை ஊற்றி, சில நிமிடம் விட்டு, எண்ணெய் ஆக்சில் குழாய்களுக்குள் பரவிய பின் மறுபடி பார்த்து நிரப்ப வேண்டும். அதற்கு மேல் ஊற்றினால் நுரைக்கும், சீல் வழியே தள்ளிக்கொண்டு வந்து பிரேக் லைனிங்கை நனைக்கும். மலைச்சாலையில் அது உயிரோடு விளையாடுவது.

தண்ணீர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆக்சில் ஹவுசிங்கின் மேலே பிரீதர் என்ற சின்ன மூச்சுத்துளை இருக்கிறது. செம்மண் அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடிச் சீல் ஒழுகும். சூடாக வந்த ஆக்சிலின் மேல், கேரட் கழுவும் இடத்தில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தால் உள்ளிருக்கும் காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்கி, அந்தத் துளை வழியாகவோ சீல் வழியாகவோ தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். உங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையும் கனம். மாதம் ஒருமுறை பிரீதரைத் துடைத்து, அது தடையின்றி மூச்சு விடுகிறதா என்று பாருங்கள். வடித்த எண்ணெயை ஓடையிலோ தோட்டத்திலோ கொட்டவும், வேலிக் கம்பங்களுக்குப் பூசவும் விடாதீர்கள். அது அபாயக் கழிவு, உங்கள் ஊர் ஓடைகள் பவானிக்குத்தான் போகின்றன. அனுமதி பெற்ற பழைய எண்ணெய் வியாபாரியிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆனால் வடித்த எண்ணெயில் கால் லிட்டர் மட்டும் உங்களிடம் இருக்கட்டும். சுத்தமான, காய்ந்த பாட்டிலில் நிரப்பி, மூடியில் டேப் ஒட்டி, தேதியும் கிலோமீட்டரும் வண்டி எண்ணும் எழுதி, உங்கள் கையொப்பமும் மெக்கானிக்கின் கையொப்பமும் போட்டு வையுங்கள். "தவறான எண்ணெய் ஊற்றியதால்தான் பழுது" என்று கம்பெனி சொன்னால், எந்த எண்ணெய் இருந்தது, அதில் எவ்வளவு இரும்பு, எவ்வளவு தண்ணீர் என்று ஆய்வுக்கூடம் சொல்லிவிடும். மண்டியில் எடைமேடைச் சீட்டு வாங்குகிறீர்கள் அல்லவா, அவற்றையும் எறிந்துவிடாதீர்கள். ஆக்சில் கிளைமை மறுக்க எண்ணெய்க்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் காரணம் ஓவர்லோடு. அதற்கு மறுமொழி அந்தச் சீட்டுகள்தான்; அவை சரியான எடையைக் காட்டும்படி நீங்கள் ஏற்றியிருக்கவும் வேண்டும்.

கிளைமை மறுத்தால் வாய்வார்த்தையை ஏற்காமல், எந்த நிபந்தனையின் கீழ், என்ன தொழில்நுட்பக் காரணத்தால் மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வெளியில் எண்ணெய் மாற்றியதாகச் சொன்னால், அந்த எண்ணெய் இந்தப் பழுதை எப்படி உண்டாக்கியது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மாற்றிய பாகங்களைத் திருப்பித் தரும்படியோ, குறைந்தபட்சம் படம் எடுக்க அனுமதிக்கும்படியோ கோருங்கள். அதற்கும் வழிக்கு வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம்.

லாரி வணிக வாகனம் ஆயிற்றே, நுகர்வோர் நீதிமன்றம் ஏற்குமா என்று உங்களிடம் பலரும் பயமுறுத்துவார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கம் என்று கருதுவதில்லை. லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்குபவர் நுகர்வோரே என்பதை எடுத்துக்காட்டாகவே சொல்லியிருக்கிறது. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்த நிலை மாறாது என்றும் கூறியிருக்கிறது. ஆகவே மனுவில் "இந்த வண்டியை நானே ஓட்டுகிறேன், இதுவே என் பிழைப்பு" என்ற வாக்கியம் தவறாமல் இடம்பெற வேண்டும். வண்டிக்கு நீங்கள் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம் என்பதால் கம்பெனியின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை, உதகமண்டலத்தில் உள்ள ஆணையத்துக்கே போகலாம். பழுதை ஆய்வில்தான் கண்டறிய முடியும் என்றால் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். ஊளைச் சத்தத்தை நீங்கள் முதன்முதலில் எழுத்தில் தெரிவித்த தேதி அந்தக் கோப்பின் முதல் தாளாக இருக்கும் என்பதால், அந்தப் புகாரை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.